பீடத்து ஆய்வுப் பதிவேட்டை டிஸ்பேஸில் ஏற்றித் திருத்திய எட்டு மாதம்

ஆய்வு வெளியீடுகளைப் பதிந்து காட்டும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளை முதல் தடவை ஓடவிட்ட அன்று திரையில் எங்கள் பீடத்து விரிவுரையாளர்களின் பட்டியல் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வெளியிட்ட ஆய்வுகளின் எண்ணிக்கை. மேலிருந்து கீழே இறங்கி வரும்போது ஒரு பெயருக்கு எதிரே பூச்சியம் நின்றது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழில் ஆய்வு எழுதிவரும் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளரின் பெயர் அது. அவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப தம்பி, நான் இவ்வளவு காலமும் ஒண்டும் எழுதேல்லையோ?”

குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையிலேயே விளக்கம் கேட்பதுபோலத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. இதே வேலையை வேறு பீடத்திலோ கல்லூரியிலோ தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதற்காகத் தொடங்கினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு விரிவுரையாளர் ஒரு கட்டுரை வெளியிட்டால் அதே கட்டுரையின் விபரத்தை ஆண்டறிக்கைக்கு ஒருமுறை, ஆய்வுப் படிக்கு ஒருமுறை, தர உறுதிப்பாட்டு மீளாய்வுக்கு ஒருமுறை, பதவி உயர்வுக்கு ஒருமுறை என்று வெவ்வேறு படிவங்களில் நிரப்ப வேண்டும். அலுவலகத்து முகாமைத்துவ உதவியாளர் அக்கா அவற்றை எல்லாம் திரும்பத் தட்டச்சுச் செய்வார். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு எக்செல் கோப்பு. ஒரு கோப்பில் உள்ள கணக்கு இன்னொன்றோடு பொருந்தாது. ஒரே இடத்தில் ஒருமுறை பதிந்து, தேவையான படிவத்தை அதிலிருந்து எடுக்கலாம் என்பதுதான் எண்ணம். ஆய்வுத் தகவல் முறைமை என்று இதைச் சொல்கிறார்கள்: ஆள், ஆய்வுத் திட்டம், நிதி, வெளியீடு, நிறுவனம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து ஒன்றோடொன்று தொடுத்து வைக்கும் பதிவேடு. ஐரோப்பாவில் இதற்கென்றே செரிஃப் என்ற தரவு மாதிரி பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. எல்ஸவியரின் பியூர் போன்ற விலைக்கு வாங்கும் மென்பொருள்களை நாங்கள் யோசிக்கவே இல்லை. டிஸ்பேஸ் இலவசம். 2002இல் எம்ஐடியும் எச்பி ஆய்வுகூடமும் சேர்ந்து வெளியிட்டது. நூலகத்துறை ஆட்களுக்குப் பழக்கமானது. அதன் 7ஆம் பதிப்பிலிருந்து ஆள், திட்டம், நிறுவனம் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவு வைத்து வெளியீட்டோடு தொடுக்க முடியும். அது போதும் என்று தீர்மானித்தோம்.

நிறுவுகிற வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸ், சோலர், டொம்கற், நோட் என்று துணை மென்பொருள்களை வரிசையாகப் போட வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் முன்பக்கத்தைக் கட்டும்போது இரண்டு தரம் மூச்சுத்திணறி நின்றது. 16 ஜிபி ஆக்கியதும் ஓடியது. மின்சாரம் போனால் ஒழுங்காக அணைய ஒரு யூபிஎஸ், இரவில் தரவுத்தளத்தின் பிரதி இன்னொரு வன்தட்டுக்கு. அந்தப் பிரதியை ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்த்தேன். அதைச் செய்யாமல் யாரும் தரவை ஏற்றத் தொடங்க வேண்டாம்.

கஷ்டம் எல்லாம் தரவில்தான் இருந்தது.

பழைய எக்செல் கோப்புகள் பதினொன்று கைக்கு வந்தன. முதலில் பிடிபட்டது ஓர்கிட் இலக்கம். ஆய்வாளருக்கான இந்தப் பதினாறு இலக்க அடையாளம் 2012இலிருந்து வழங்கப்படுகிறது. அனேகமான இலக்கங்கள் பூச்சியங்களில்தான் தொடங்கும். இடையில் கோடு போடாமல் யாராவது எக்செலில் அடித்தால், அது எண்தானே என்று முன்னால் நிற்கும் பூச்சியங்களை எக்செல் விழுங்கிவிடும். பதினாறு இலக்கம் ஒன்பதாகி இருந்தது. கடைசி இடத்தில் எக்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் எழுத்தாக நினைத்து அப்படியே விட்டிருந்தது. முன்னால் பூச்சியம் நிரப்பினால் பழைய வடிவம் வரும். ஆனால் அடித்தவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்திருந்தால்?

அதைக் கண்டுபிடிக்க ஓர்கிட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. பதினாறாவது இடம் ஒரு சோதனை இலக்கம். இடமிருந்து தொடங்கி, கையில் உள்ள தொகையோடு அடுத்த இலக்கத்தைக் கூட்டி இரண்டால் பெருக்கிக்கொண்டே பதினைந்தாவது இலக்கம் வரை போக வேண்டும். வந்த தொகையை 11ஆல் வகுத்த மீதியை 12இலிருந்து கழித்து, அதையும் 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் கடைசி இலக்கம். 10 வந்தால் எக்ஸ். ஓர்கிட் தன் விளக்கத்தில் தந்திருக்கும் மாதிரி இலக்கமான 0000-0002-1825-0097ஐப் போட்டுப் பார்த்தேன். தொகை 1314, மீதி 5, விடை 7. பொருந்தியது. இந்தக் கணக்கை எக்செல் சூத்திரமாக எழுதிவைத்ததும் பிழையாக அடித்த இலக்கங்கள் தாமாகச் சிவப்பில் எழுந்து நின்றன.

இன்னொரு சில்லறைத் தொல்லை: சஞ்சிகையின் இதழ் எண் ‘3-4’ என்று இருந்தால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். கோப்பைத் திறக்குமுன் அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று சொல்லிவைக்க வேண்டும். ஏற்கெனவே மாறியவற்றுக்குச் சஞ்சிகையைப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. பார்த்தோம்.

அடுத்தது பெயர். எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். டிஸ்பேஸின் படிவமோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், தனிப்பெயருக்கு ஒரு கட்டம் என்று கேட்கிறது. வெளிநாட்டுச் சஞ்சிகைகளும் அப்படியே கேட்பதால், ஒரே ஆள் ஒரு கட்டுரையில் தன் பெயரைக் குடும்பப் பெயராக்கி இருப்பார், இன்னொன்றில் தகப்பன் பெயரை விரித்து எழுதி அதைக் குடும்பப் பெயராக்கி இருப்பார். இரண்டாவது வகையில் மேற்கோள் காட்டும்போது தகப்பனார்தான் ஆய்வு செய்தவராகிறார். எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம். ‘ராஜா’ என்று முடியும் பெயருக்கு ஆங்கிலத்தில் ஜே போட்டவர் ஐந்து வருடத்துக்கு முன்னர் எஸ் போட்டிருப்பார். சிவ என்று தொடங்குகிறவர்கள் எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதியிருந்தார்கள். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிய பெண்களின் வெளியீடுகள் இரண்டு ஆட்களுடையவைபோலப் பிரிந்து கிடந்தன. எதிர்த் தொல்லையும் உண்டு. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இரண்டு பேரை ஓப்பன் அலெக்ஸ் என்ற ஆய்வு வெளியீட்டுத் தரவுத்தளம் ஒரே ஆளாக்கி, ஒருவரின் பயிர்நோய் ஆய்வை மற்றவரின் கணக்கில் வைத்திருந்தது.

தரவைத் துப்புரவாக்கும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் இங்கே பெரிய துணை. பெயர்களைச் சிறிய எழுத்தாக்கி, புள்ளி நீக்கி, சொற்களை அகரவரிசைப்படுத்தி ஒப்பிடும் முறை அதில் இருக்கிறது. முதலெழுத்து முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒரே குழுவில் விழும். ஒலியை வைத்துக் குழுவாக்கும் முறைகள் ஆங்கில எழுத்துக்காகச் செய்தவை, தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களுக்கு உதவா. குழுவாக்கியதை அப்படியே ஒன்றாக்காமல் ஒவ்வொருவரிடமும் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இவை எல்லாம் நீங்கள்தானா?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். மூன்று கிழமை அலைந்தேன். இந்த வேலையை இயந்திரத்திடம் விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒருவரின் உழைப்பு யாருடையது என்று முடிவுசெய்யும் இடம் அது.

ஆள் பதிவில் அவரவர் விரும்பி எழுதும் வடிவமே முகப்பில் நிற்கும். மற்ற வடிவங்கள் எல்லாம் மாற்றுப் பெயர்களாகக் கீழே. ஓர்கிட் இருந்தால் அதுதான் ஆணி. ஓர்கிட்டை ஆய்வாளர் தானே பதிந்து எடுக்க வேண்டும் என்பதால் காலமானவர்களுக்கு அது கிடையாது. அவர்களுக்குப் பீடத்துக்குள் ஓர் உள்ளக இலக்கம் கொடுத்தோம். ஒரு பெயரையும் விடவில்லை.

இவ்வளவும் செய்தும் அந்தச் சிரேஷ்ட விரிவுரையாளரின் பூச்சியம் அசையவில்லை.

குரொஸ்ரெஃப் என்ற வெளியீட்டுப் பதிவகத்திலிருந்தும் ஓப்பன் அலெக்ஸிலிருந்தும் இறக்கிய பதிவுகளில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் விளங்கியது. கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ இலக்கம் உள்ளவைதான் குரொஸ்ரெஃபில் இருக்கும். இலங்கைச் சஞ்சிகைகளில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் இணையத் தளத்தில் ஏறியவற்றுக்கு 10.4038 என்று தொடங்கும் டிஓஐ கிடைக்கிறது. அச்சில் மட்டும் வந்த தமிழ்ச் சஞ்சிகைக்கும் மாநாட்டுத் தொகுப்புக்கும் அது கிடையாது. சரி, ஆனால் அவர் எங்கள் எக்செல் படிவத்தை வருடாவருடம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாரே? அவை எங்கே போயின?

பொருந்தாதவை என்று கணினி நிரல் ஒதுக்கிவைத்த கோப்பைத் திறந்தேன். நானே எழுதிய நிரல்தான். ஆசிரியர் பெயர் ஒன்றோடும் பொருந்தாத வரிகளைச் சத்தம் போடாமல் அந்தக் கோப்பில் தள்ளச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த விளங்காத துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் பிடிபட்டது. பாமினி.

யுனிகோட் வருமுன் இங்கே எல்லோரும் அடித்தது பாமினி எழுத்துருவில். இன்றும் பல அலுவலகங்களில் அதுதான். பாமினியில் அடித்த தமிழ் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், எழுத்துருவைக் கழற்றினால் கலங்கிவிடும். எக்செலை வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வி ஆக்கியபோது எழுத்துரு கழன்றுவிட்டது. அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது ஆங்கில அரைப்புள்ளி விசையில். என் நிரலோ அரைப்புள்ளியைக் கண்ட இடத்தில் எல்லாம் அடுத்த ஆசிரியர், அடுத்த திறவுச்சொல் என்று வெட்டியது. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் மூன்று புள்ளி. அது மூன்று துண்டாகிக் கிடந்தது. அவரின் பெயரும் அப்படியே. புள்ளி உள்ள ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் நான் புள்ளி புள்ளியாக வெட்டி எறிந்திருக்கிறேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது பரமேஸ்வராச் சந்தியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

திருத்தம் இப்படி. சிஎஸ்வியைத் தூக்கி எறிந்துவிட்டு மூல எக்செலுக்குத் திரும்பினேன். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துருவின் பெயர் பதிவாகி இருக்கும். பைதன் நிரலால் பாமினி என்று குறித்த கட்டங்களை மட்டும் பொறுக்கி, முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, அதற்குப் பிறகே அரைப்புள்ளியில் வெட்டினேன். வரிசை முக்கியம்: மாற்று, பிறகு வெட்டு. தமிழ்த் தலைப்பும் ஆங்கிலச் சஞ்சிகைப் பெயரும் ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்துருவில் இருந்தால் கையால்தான் பிரித்தேன்.

மாற்றுவதிலும் ஒரு பொறி. பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்போம். யுனிகோட்டில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். ‘கொ’ பாமினியில் மூன்று விசை: கொம்பு (ெ), க, அரவு (ா). மூன்று விசைச் சேர்க்கையை முதலில் மாற்றி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று இறங்க வேண்டும். என் முதல் நிரல் முதலில் ‘கெ’ ஆக்கிப் பின்னால் அரவைத் தனியே ஒட்டியது. திரையில் பார்த்தால் ‘கொ’ தான், ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடினால் அகப்படாது. யுனிகோட்டின் இயல்பாக்க முறைகளில் என்எஃப்சி என்பது இந்த இரண்டையும் ஒன்றாக்கும். எல்லாப் பதிவையும் அதற்குள்ளால் ஒருமுறை விட்டு எடுத்தேன். ‘ஸ்ரீ’யை மட்டும் அது சரிசெய்யாது. ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் இரண்டு விதமாக அதை அடிக்கலாம், பல எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஸ்ரீயில் தொடங்கும் பெயர்கள் எங்களிடம் நிறைய என்பதால் அதற்குத் தனி விதி எழுதினேன்.

தேடலில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்று நீர்’ என்ற தலைப்பு வராது. நாங்கள் நிறுவியபடி சொல்லை வேர் பிரிக்கும் வேலை ஆங்கிலத்துக்குத்தான் நடக்கிறது. இப்போதைக்குத் தமிழ்க் கட்டுரைகளுக்குத் திறவுச்சொற்களை வேற்றுமை உருபு இல்லாமல் பெயர்ச்சொல் வடிவிலேயே கையால் சேர்க்கிறோம்.

நிறுவனப் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. வவுனியா வளாகம் 2021இல் தனியே பிரிந்து வவுனியாப் பல்கலைக்கழகமானது. ஆகவே ஒரு கட்டுரை எந்த நிறுவனத்தது என்பது அது வெளிவந்த வருடத்தைப் பொறுத்தது. செரிஃப் மாதிரியில் ஆளுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒவ்வொரு தொடுப்புக்கும் தொடங்கிய நாள், முடிந்த நாள் போடலாம். அந்த யோசனையை எடுத்து ஆள் பதிவிலேயே ஒரு புலமாகப் போட்டோம். இதில் நடந்த இன்னொன்று: இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரும் திருநெல்வேலிதான்; முகவரியில் அப்படி இருந்த கட்டுரைகளை ஊர்ப் பெயரை வைத்து நாடு கண்டுபிடிக்கும் என் நிரல் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்கும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே. நிறுவனங்களுக்கான ஆர்ஓஆர் அடையாளத்தை ஒட்டிய பிறகு அவை ஊருக்குத் திரும்பி வந்தன.

அச்சில் மட்டும் வந்தவற்றைத் தேடி எடுத்தது மனதுக்குப் பிடித்த வேலை. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் வருடப்பட்டு (ஸ்கேன் செய்யப்பட்டு) ஏராளமாக இருக்கின்றன. அங்கே உள்ளவற்றுக்கு அந்த இணைப்பையே கொடுத்தோம். இல்லாதவற்றின் முகப்பையும் பொருளடக்கத்தையும் கட்டுரையின் முதற் பக்கத்தையும் வருடிச் சேர்த்தோம். தலைப்பு தமிழில், அதன் கீழே ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு, அதன் கீழே பொருள் பெயர்ப்பு என்று மூன்று புலம்.

பதிவு திருந்திய பிறகு மதிப்பீட்டுப் பேச்சு வந்தது. ஆய்வுக் குழுக் கூட்டத்தில் எல்லோரையும் எச்-சுட்டெண் வரிசையில் போட்டு ஒரு பட்டியல் வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. ஒருவருக்கு எச்-சுட்டெண் 8 என்றால், அவரின் எட்டுக் கட்டுரைகளாவது ஒவ்வொன்றும் எட்டுத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். மேற்கோளைத் தரவுத்தளம் எண்ணினால்தான் அது எண். ஒரே ஆளுக்கு ஸ்கோப்பஸில் ஓர் எண், கூகுள் ஸ்கொலரில் இன்னோர் எண். மூன்று பேரின் சம்மதத்தோடு அவர்களின் எண்களை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துத் திரையில் போட்டேன். வரிசை ஒவ்வொன்றிலும் மாறியது.

“எண் இல்லாமல் எப்பிடித் தம்பி ஒப்பிடுறது? புள்ளித்திட்டம் எண்தானே கேக்குது?” என்றார் அவர். கேள்வி நியாயமானது. பதவி உயர்வுக்குப் புள்ளி கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கணக்குக்குத் தேவையானவற்றை, ஒவ்வொரு வரிக்கும் சான்றோடு, படிவமாக எடுக்க வழி செய்து கொடுத்தேன். ஆனால் ஆட்களை வரிசைப்படுத்தும் பக்கத்தை நான் அமைக்கமாட்டேன் என்று சொன்னேன். கட்டுரையின் தரத்துக்குச் சஞ்சிகையின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) பதிலாக வைக்க வேண்டாம் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. அதே விடயம் பற்றிய 2015இன் லைடன் அறிக்கையில் பத்துக் கோட்பாடுகள், மூன்றாவது கோட்பாடு உள்ளூருக்குப் பொருத்தமான ஆய்வின் சிறப்பைக் காக்கச் சொல்கிறது. அந்த மூன்றாவதைத் தமிழில் எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன்.

வாசித்துவிட்டு ஓர் உதாரணம் காட்டினேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரைத்தான் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். பசளையாலும் மலக்குழியாலும் அந்த நீரில் நைத்திரேற்று ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதைப் பற்றித் தோட்டக்காரர்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுதிய ஒரு கையேட்டை எந்த மேற்கோள் தரவுத்தளமும் எண்ணாது. எங்கள் பதிவேட்டில் அதற்கு இப்போது தனி வகை இருக்கிறது. மூல ஆங்கிலக் கட்டுரையோடு தொடுத்திருக்கிறோம். யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்பதற்கான கடிதத்தையும் இணைக்கலாம். ஒவ்வொருவரும் தன் வேலைகளில் ஐந்தைத் தானே தேர்ந்து, ஒவ்வொன்றும் ஏன் முக்கியம் என்று நாலு வரி தன் மொழியில் எழுத ஓர் இடமும் வைத்தோம். மேற்கோள் எண்ணிக்கையும் அந்தப் பக்கத்தில் உண்டு. எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி என்ற இரண்டும் இல்லாமல் அது தெரியாது.

வரிசைப் பட்டியலைக் குழு கைவிட்டது. அந்த உறுப்பினர் இன்னும் உடன்படவில்லை. தன் ஐந்தைத் தேர்ந்து கொடுத்துவிட்டார்.

அந்தச் சிரேஷ்ட விரிவுரையாளரின் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பேனாவால் தொட்டு வாசித்தார். நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில் நின்றார். “இதிலை ஒரு குற்று விடுபட்டுப் போச்சு, பாருங்கோ.” ஒரு தலைப்பில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று இல்லை. பேனாவால் அதைப் போட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, “1980களிலை நாங்கள் சைக்கிளோஸ்டைல் பண்ணின கருத்தரங்குக் கட்டுரையள் வீட்டிலை மூண்டு பெட்டி கிடக்குது. எடுப்பியளோ?” என்று கேட்டார்.

வருடியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் போகிறேன். தாள் உடையும் பதத்தில் இருக்கிறது என்று சொன்னார். ஆகவே தாளை உள்ளே இழுக்கும் வகை வேண்டாம், மேலிருந்து படமெடுக்கும் வகைதான்.